தீவனச் சோளத்தை அவசரப்பட்டு அறுக்காதீர்கள்

தீவனச் சோளம் முழங்கால் உயரம் வந்ததுமே தளதளவென்று நிற்கும். மாட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இளம் சோளத்தில், அதிலும் தண்ணீரில்லாமல் இலை சுருண்ட பயிரில், சயனைடு நஞ்சு அதிகம். மேய்ந்த சிறிது நேரத்திலேயே மாடு மூச்சுத் திணறி விழுந்துவிடலாம். பாதிக் கதிர்கள் பூத்த பிறகு அறுப்பதுதான் பாதுகாப்பு; தழையும் நிறையக் கிடைக்கும். அறுத்த கட்டையிலிருந்து வரும் மறுதாம்புக்கும் இதே கவனம் வேண்டும். வறட்சிக்குப் பின் மழை பெய்து புதுத்துளிர் விடும்போது ஆபத்து இன்னும் கூடுதல், பலரும் ஏமாறுவது இங்கேதான்.

முன்கூட்டியே அறுத்துவிட்டீர்களா? சரி, வெயிலில் மொறமொறவென்று காயவைத்துக் கொடுங்கள். நஞ்சு பெருமளவு குறையும். அரைகுறையாக வாடினால் போதாது. அப்புறம், பசித்த மாட்டைச் சோளக்காட்டுப் பக்கமே விடாதீர்கள்.