ஐந்து கணினி, ஒரு வருடம்: கடையில் விண்டோஸ் 10ஐ மாற்றுவது எப்படி?

புறக்கோட்டையில் நான் கணினி பார்க்கும் ஹாட்வெயார் கடையில் ஐந்து கணினிகள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் நிற்கப்போகிறது என்றதும் முதலாளி கேட்டது, "அப்ப அன்றைக்கு பில் போட ஏலாதா தம்பி?" ஏலும். கணினி வழமைபோல ஓடும், ஆனால் அதற்குப் பிறகு ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. காசு கட்டியும் அப்டேட் வாங்கலாம். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டொலர், அடுத்த வருடம் அது இரட்டிப்பு. ஐந்து கணினிக்குக் கணக்குப் பார்த்துவிட்டு முதலாளி பேச்சை மாற்றிவிட்டார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கணினியைத் தொடாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கணினியோடும் என்னென்ன இணைந்திருக்கிறது, அதில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதுங்கள். பிரிண்டர், பார்கோட் ஸ்கேனர், கணக்கு மென்பொருள், வங்கி வேலை, தமிழ் எழுத்துரு, எல்லாம். விண்டோஸ் மாற்றுவது அரை நாள் வேலைதான், எங்களுக்கு ஒரு வருடம் எடுத்ததற்குக் காரணம் முழுக்க இந்தப் பட்டியலில் இருந்த சாமான்கள்.

அடுத்தது, எந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தேறும் என்று பார்ப்பது. மைக்ரோசொஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சின்னச் செயலியை இறக்கி ஓடவிட்டால் அதுவே சொல்லிவிடும். இன்டெல் புரொசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் புதியது வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் கணினி ஒன்று 'டிபிஎம் இல்லை' என்று தோற்றது, புதுசு வாங்குவோம் என்று விலை கேட்கப் பம்பலப்பிட்டிக்குக்கூடப் போய்வந்தோம், பிறகு பார்த்தால் சில்லு உள்ளேயே இருக்கிறது, பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்பில், அணைத்து வைத்திருந்தார்கள். இன்டெல் போர்டில் 'பிடிடி' என்றும் ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்றும் இருக்கும். அதைப் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள்.

இப்படி மூன்று தேறின, கணக்கு பார்க்கும் கணினியும் அதில் ஒன்று. அவற்றில் அப்டேட் வழியாகவே இலவசமாக 11 ஏறியது, ஃபைல்கள் அப்படியே இருந்தன. ஆனாலும் முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலு ஃபைலையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை. பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் 'செட்டிங்ஸ்' போய் 'ரிகவரி' வழியாகப் பழையதற்குத் திரும்பலாம்.

மிச்ச இரண்டும் கிழடுகள், அவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதை எட்டு ஜிபி பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து ஓடவிட்டு வைஃபை, சத்தம், பிரிண்டர் எல்லாம் பார்க்கலாம். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டி ஒன்றில் நிறுவினோம். ஏதாவது பிசகினால் பழையதைத் திரும்ப மாட்டினால் போதும்.

நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதக் கடைசி வேண்டாம், வற் வரிக் கணக்குக் காட்டும் வாரம் வேண்டவே வேண்டாம். எங்களுக்குப் போயா தினம்தான் தோது. ஒரு போயாவுக்கு ஒரு கணினி, அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

பில் கணினிதான் ஆளைக் கொன்றது. பில் போடுவது பிரவுசரில் என்பதால் மின்டில் சிக்கல் வராது என்று நினைத்தேன். பழைய டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு 'எப்சன் 24 பின்' என்ற பொது டிரைவர் பட்டியலிலேயே இருந்தது, அச்சும் வந்தது. ஆனால் தாள் அளவு ஏ4 என்று கிடந்ததை நான் கவனிக்கவில்லை. எங்களது துளை போட்ட அரைத்தாள், அகலம் 9.5 அங்குலம், நீளம் 5.5. அடுத்த நாள் காலை பெயின்ட் வாங்கியவரின் மொத்தத் தொகை, பின்னால் நின்று ஆணி வாங்கியவரின் தாளில் போய் விழுந்தது. பில் போடும் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கிவிட்டார். பிரிண்டர் அமைப்பில் அந்த அளவைப் புதிதாகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இலங்கையில் கடை வைத்திருப்பவர்களின் பழைய கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் பெரும்பாலும் பாமினியில்தான் இருக்கும். அது எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வேஷம். எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான் தெரியும். பயப்படாதீர்கள், ஃபைல் கெடவில்லை. பழைய கணினியின் 'ஃபொன்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து பாமினியைப் பென் டிரைவில் எடுத்து, புதியதில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள், விண்டோஸிலும் மின்டிலும் இதே வழிதான். புதிதாக எழுதுவதை மட்டும் யூனிகோடில் எழுதப் பழக்குங்கள், பழையதை யூனிகோடுக்கு மாற்றும் செயலியில் போட்டு எடுப்பதை ஓய்வாக இருக்கும்போது பார்க்கலாம்.

விண்டோஸ் 11 வந்த கணினிகளில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை அச்செடுத்து வையுங்கள். எங்களது, கழற்றிய இரண்டு டிஸ்க்கோடும் சேர்ந்து, முதலாளியின் இரும்பு அலுமாரியில் பழைய பில் புத்தகங்களுக்குக் கீழே இருக்கிறது.