லாபம் உண்மையிலேயே கூடியதா? ஆண்டறிக்கையில் நீங்களே பார்க்கும் வழி

நான் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனை அப்படியே இருக்க, லாபம் மட்டும் எகிறியது. தலைமை அதிகாரிக்குப் பெரிய போனஸும் கிடைத்தது. காரணம் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது. நான் பார்த்த வரிசை இது.

1. ஊதியப் பகுதியில் தொடங்குங்கள். போனஸ் எந்த எண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது? நிகர லாபமா, இபிட்டாவா (வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிக்கும் முன் வரும் லாபம்)? அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இந்த ஆண்டு, போன ஆண்டு அறிக்கைகள் இரண்டையும் அச்சடித்து, தேய்மானக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சொத்தின் விலையை அதன் ஆயுள் ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுதோறும் செலவாகக் கழிப்பதுதான் தேய்மானம். திரையில் பார்த்தால் தவறவிடுவீர்கள். சொத்துகளின் ஆயுட்காலமும் எஞ்சிய மதிப்பும் (ஆயுள் முடிந்தபின் விற்றால் கிடைக்கும் என்று கணிக்கும் தொகை) மாறியிருக்கிறதா? இது மதிப்பீட்டு மாற்றம், பிழைத் திருத்தம் அல்ல என்பதால் பழைய ஆண்டின் எண்களைத் திருத்த மாட்டார்கள்.

3. இனி கணக்கு. நான் சிக்கியது இங்கேதான். 100 கோடி இயந்திரம், ஆயுள் 5 ஆண்டு, எஞ்சிய மதிப்பு பூஜ்யம். தேய்மானம் வருடத்துக்கு 20 கோடி. இரண்டு ஆண்டு கழித்து மொத்த ஆயுளை 8 ஆக்குகிறார்கள். நான் 100ஐ 8ஆல் வகுத்து 12.5 என்று வைத்தேன். அறிக்கையோடு ஒத்துப்போகவே இல்லை. ஏற்கெனவே கழித்த 40 திரும்பி வராது. மீதி 60ஐ மீதி 6 ஆண்டுக்குப் பிரிக்க வேண்டும்: 10 கோடி. ஆக, வரிக்கு முந்தைய லாபம் 10 கோடி கூடிவிட்டது, ஒரு பொருள்கூட அதிகம் விற்காமல்.

இயந்திரம் நிஜமாகவே அவ்வளவு நாள் உழைத்தால் இதில் தவறில்லை. ஆனால் அந்த 10 கோடிக்குப் போனஸ் கொடுப்பது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் குப்பை லாரிகளின் ஆயுளை ஆதாரமில்லாமல் நீட்டியும் எஞ்சிய மதிப்பை ஏற்றியும் லாபம் காட்டியது. 1998இல் சுமார் 170 கோடி டாலர் லாபத்தைத் திருத்த வேண்டி வந்தது.

4. செயல்பாட்டுப் பணப்புழக்கத்தை, அதாவது அன்றாட வியாபாரத்தில் கைக்கு வந்த நிகரப் பணத்தைப் பாருங்கள். தேய்மானத்தை மாற்றினால் லாபம் ஏறும், கைக்கு வரும் பணம் ஏறாது.

பின்சேர்க்கை: "எங்கள் நிறுவனத்தில் போனஸ் இபிட்டாவை வைத்துத்தான், அப்போது?" என்று ஒரு வாசகர் கேட்டார். இபிட்டா தேய்மானத்தைக் கழிப்பதற்கு முந்தைய எண். அதனால் ஆயுளை நீட்டினாலும் அது அசையாது. அங்கே தேட வேண்டியது வேறு: அன்றாடச் செலவைச் சொத்தாகப் பதிந்திருக்கிறார்களா? 2002இல் அம்பலமான, அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் மோசடியில் நடந்தது அதுதான். அப்படிப் பதிந்தால் செயல்பாட்டுப் பணப்புழக்கமும் நன்றாகத் தெரியும், 4ஆம் படி உங்களை ஏமாற்றிவிடும். எனவே செயல்பாட்டுப் பணப்புழக்கத்திலிருந்து மூலதனச் செலவையும் (சொத்து வாங்கியதாகக் காட்டிய பணம்) கழித்த பிறகு ஒப்பிடுங்கள்.