பின்னெடுக்கும் லொறிகள் மோதினால் நகர்த்துமுன் படம் எடுங்கள்

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் சரக்கு இறக்கப் பின்னெடுக்கும் இரண்டு லொறிகள் மோதிக்கொண்டால், அவற்றை நகர்த்துவதற்கு முன், முன்சில்லுகள் திரும்பியிருக்கும் பக்கமும் தெருவோரமும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். எதிர்க் கடைக் கண்காணிப்புக் கமராவின் பதிவையும், அதன்மேல் புதியது பதிந்து அழிந்துவிடுமுன், அன்றே கேட்டுப் பெறுங்கள்.

பின்னெடுப்பவரே பின்னால் பார்க்கக் கடமைப்பட்டவர் என்பதால், இரண்டும் நகர்ந்துகொண்டிருந்தால் தவறு பெரும்பாலும் இருவர்மீதும் விழும். ஒரு லொறி நின்றுகொண்டிருந்தது, அதிலும் ஹோன் அடித்து எச்சரித்தது என்று காட்ட முடிந்தால்தான் அந்தக் கணக்கு மாறும். நசுங்கிய பின்கதவு மட்டும் அதைச் சொல்லாது, வாய்வார்த்தையோ காப்புறுதிக்காரர் வருவதற்குள்ளேயே மாறிவிடும்.

எவரேனும் காயமடைந்திருந்தால் படம் இரண்டாம் பட்சமே: 1990 இலக்கத்தில் அம்புலன்ஸையும் 119இல் பொலிஸையும் முதலில் அழையுங்கள்.