எல்டாப் வினவல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயனர் கணக்குகளையும் குழுக்களையும் அணுகல் உரிமைகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அடைவுச் சேவையோடு மென்பொருள்கள் பெரும்பாலும் எல்டாப் நெறிமுறை வழியாகவே பேசுகின்றன. தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல் வினவலில் பயனர் தந்த சொல்லை அப்படியே ஒட்டக்கூடாது என்பதைப் புதிதாக நிரல் எழுத வருபவரும் அறிந்திருக்கிறார். ஆனால் எந்தப் பதிவுகள் வேண்டும் என்று சொல்லும் தேடல் நிபந்தனையான எல்டாப் வடிகட்டியை எழுதும்போது அந்தக் கவனம் நழுவிவிடுகிறது.

சரங்களை ஒட்டி வடிகட்டியை அமைப்பதே முதல் தவறு. ஓர் உள்நுழைவுப் பக்கம் (&(பயனர்=…)(கடவுச்சொல்=…)) என்ற வடிவில் தேடுவதாகக் கொள்வோம்; பண்புகளின் பெயர்களைப் புரிதலுக்காகத் தமிழில் தருகிறேன். பெயர்க் கட்டத்தில் குமார்)(|(பயனர்=குமார் என்றும், கடவுச்சொல் கட்டத்தில் ஏதோ) என்றும் ஒருவர் தட்டினால், சேவையகத்துக்குப் போய்ச் சேர்வது இதுதான்:

(&(பயனர்=குமார்)(|(பயனர்=குமார்)(கடவுச்சொல்=ஏதோ)))

அடைப்புக்குறிகள் அனைத்தும் முறையாக மூடப்பட்டிருப்பதால் பிழைச்செய்தி எதுவும் எழாது. கடவுச்சொல் நிபந்தனை 'அல்லது' என்று பொருள்படும் | குறிக்குள் அடைபட்டுவிட்டதால், பெயர் பொருந்தினாலே பதிவு கிடைத்துவிடும்.

இங்கே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது: கடவுச்சொல்லைத் தேடல் மூலம் சரிபார்க்கவே கூடாது. பெயரைக் கொண்டு அடைவில் பயனரின் பதிவு உள்ள இடத்தைக் குறிக்கும் முழு அடைவுப் பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரோடும் கடவுச்சொல்லோடும் பைண்ட் செய்து (அதாவது சேவையகத்தில் உள்நுழைய முயன்று) பார்ப்பதே சரியான முறை. அப்போதும் வெற்றுக் கடவுச்சொல்லை மென்பொருளே முன்கூட்டி மறுக்க வேண்டும். ஏனெனில் பெயர் இருந்து கடவுச்சொல் வெறுமையாக இருந்தால், அதை அடையாளம் சரிபார்க்கப்படாத பைண்டாகவே எல்டாப்பை வரையறுக்கும் ஆவணங்களுள் ஒன்றான ஆர்எஃப்சி 4513 வகைப்படுத்துகிறது, அதற்கு 'வெற்றி' என்று பதில் தரும் சேவையகங்களும் உண்டு.

அடுத்தது, நான் மிகவும் கவலைப்படும் தவறு: இடம் பாராமல் எஸ்கேப் செய்வது (சிறப்புப் பொருள் கொண்ட குறிகளை வெறும் எழுத்தாகக் கொள்ளும்படி மாற்றி எழுதுவதே எஸ்கேப்). வடிகட்டிக்குள் நட்சத்திரக் குறி, இரண்டு அடைப்புக்குறிகள், பேக்ஸ்லாஷ், சுழிய எழுத்து (மதிப்பு 0 உள்ள எழுத்து) ஆகியவற்றை ஆர்எஃப்சி 4515 சொல்லும்படி பேக்ஸ்லாஷும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக மாற்ற வேண்டும். திறக்கும் அடைப்புக்குறி \28 ஆகும். அடைவுப் பெயருக்கோ ஆர்எஃப்சி 4514 பொருந்தும். அங்கே காற்புள்ளி, கூட்டல் குறி, அரைப்புள்ளி, மேற்கோள் குறி, தொடக்கத்திலும் இறுதியிலும் வரும் இடைவெளி ஆகியவையும் சிக்கலானவை. ஒன்றுக்கான செயற்கூறு மற்றொன்றைக் காக்காது. இதைக் கையால் எழுதுபவர்கள் பேக்ஸ்லாஷைக் கடைசியில் மாற்றிவிடுவதால், தாங்களே சேர்த்த பேக்ஸ்லாஷ்களும் மீண்டும் மாறி, அடைப்புக்குறி உள்ள பெயர்கள் தேடலில் அகப்படாமல் போகின்றன. அந்தப் புகாரைத் தீர்க்க எஸ்கேப்பையே நீக்கிவிடும்போதுதான் உண்மையான ஓட்டை திறக்கிறது. ஆகவே நூலகம் தரும் வசதியையே பயன்படுத்துங்கள்: ஜாவாவின் அடைவு நூலகமான ஜேஎன்டிஐயில் வடிகட்டிக்கு, மதிப்பைப் பின்னர் நிரப்பும் எண்ணிட்ட இடங்குறிகள் உள்ளன, பைதான் மொழிக்கான பைதான்-எல்டாப் நூலகத்தில் இரண்டு இடங்களுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் உள்ளன.

முடிவுகளைத் திரையில் காட்டாவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணுவதும் பிழை. 'உண்டு', 'இல்லை' என்ற பதில் மட்டும் கிடைத்தாலும், எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியைக் கொண்டு ஒரு பண்பின் மதிப்பை எழுத்தெழுத்தாக ஊகித்துவிடலாம். தேடலுக்கான சேவைக் கணக்கு தேவையான பண்புகளை மட்டும் படிக்குமாறு சேவையகத்திலேயே கட்டுப்படுத்தியிருந்தால், இழப்பு அந்த எல்லைக்குள் நிற்கும்.

எந்தப் பண்பில் தேடுவது என்பதையே பயனர் தேர்ந்தெடுக்கும் பக்கங்களில் எஸ்கேப் உதவாது. வந்த பெயர் நிரலில் உள்ள அனுமதிப் பட்டியலில் இல்லையென்றால், வடிகட்டியை அமைக்காமலே கோரிக்கையை நிராகரிக்க வேண்டும்.