ரெயின் ஜாக்கெட் ஒழுகுகிறதா? தூக்கிப் போடும் முன் ஒருமுறை துவையுங்கள்

வாங்கிய புதிதில் ஒரு சொட்டு உள்ளே வராது. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் தோளும் முன்கையும் சில்லென்று நனைய ஆரம்பிக்கும். உடனே 'போச்சு, இனி இது ஆகாது' என்று ஓரங்கட்டிவிட்டுப் புதிது தேடுகிறோம். அவசரப்படாதீர்கள். முக்கால்வாசி நேரம் அந்தத் துணி கெட்டிருக்காது, அழுக்கேறியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள், ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் பாழாகிவிடும். மழைக்காலத்தில் ரோட்டோரம் தொங்கவிட்டு விற்பார்களே, தொட்டால் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், அது பிவிசி. பைக்கில் போகிறவர்கள் போடும் கோட்டும் பேண்ட்டும் சேர்ந்த செட் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். உள்பக்கம் திருப்பினால் வழவழவென்று ஒரு பூச்சு தெரியும், அதுதான் பாலியூரித்தேன், சுருக்கமாக பியூ. மூன்றாவது, மலையேறுகிறவர்கள் வாங்கும் விலை கூடிய ஜாக்கெட். அதில் கோர்டெக்ஸ் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு துணியோடு ஒட்டியிருக்கும். நான்ஸ்டிக் தவாவில் பூசுகிற பிடிஎஃப்இ என்ற பொருளைச் சூடாக்கி, 1969ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது கிடைத்தது அது. மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறக்கூடிய நுண்துளைகள் அதில் இருக்கின்றன.

பிவிசியைத் தவிர மற்ற இரண்டு வகையிலும் வெளித்துணியின் மேல் இன்னொரு பூச்சு உண்டு. புது ஜாக்கெட்டில் தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு ஓடுகிறதே, அது இந்தப் பூச்சின் வேலை. புகை, எண்ணெய்ப் பிசுக்கு, வியர்வை உப்பு, சன்ஸ்கிரீன் எல்லாம் படியப் படிய, அல்லது பை வார் உரசி உரசி, பூச்சு மங்கிப்போய் வெளித்துணி தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். அடியில் இருக்கும் சவ்வோ பியூ பூச்சோ அப்போதும் மழையைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஊறிப்போன துணியைத் தாண்டி வியர்வை ஆவி வெளியே போக முடியாது, உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து மழை உள்ளே வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உலர்ந்த ஜாக்கெட்டின் தோளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் சரி, பரவிக் கருப்பாகப் படர்ந்தால் துவைக்க வேண்டிய நேரம் வந்தாயிற்று.

துவைப்பதற்கு வாஷிங் மெஷினை விட பக்கெட்தான் நல்லது. ஃப்ரண்ட் லோட் மெஷின் இருந்தால், லேபிள் அனுமதித்தால், மெதுவான சுழற்சியில் போடலாம். டாப் லோடில் போட்டு ஸ்பின் மட்டும் விடவே விடாதீர்கள். தண்ணீர் துணியை ஊடுருவி வெளியேற வழியில்லாமல் ஜாக்கெட்டுக்குள் பை போலத் தேங்கும், டிரம் வேகம் எடுக்கும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து மெஷினே குதித்து நகரும். நீர்புகாத துணிகளை ஸ்பின் செய்யாதீர்கள் என்று பல மெஷின்களோடு வரும் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

பாக்கெட்டுகளைக் காலி செய்து, ஜிப்பை எல்லாம் மூடி, வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அது துணி இடுக்கில் தங்கிவிடும், தங்கிய சோப்பு தண்ணீரை இழுக்கும். நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்றவர்கள் இதற்கென்றே விற்கும் திரவம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சாதாரண லிக்விட் டிடர்ஜென்ட் அரை மூடி போதும். துணி வாசனையாகவும் மெத்தென்றும் இருக்க ஊற்றுகிற கண்டிஷனர், பிளீச், இரண்டும் கிட்டவே வரக்கூடாது. டிரை கிளீனிங்கும் வேண்டாம். காலரின் உள்பக்கம், மணிக்கட்டுப் பட்டை, தாடை உரசும் இடம், இந்த மூன்றில்தான் பிசுக்கு அதிகம். பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் தண்ணீர் பழுப்பாகி வருவது கண்ணுக்கே தெரியும். கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். நுரை போன பிறகும் இன்னும் ஒரு தண்ணீர் அலசுங்கள். போர்வெல்லில் உப்புத்தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஹேங்கரில் மாட்டி நிழலில் காயவிடுங்கள். நம் ஊர் வெயில் நைலானுக்கும் ஆகாது, பியூ பூச்சுக்கும் ஆகாது.

காய்ந்த பிறகு கொஞ்சம் சூடு காட்டினால் மங்கிப்போன பூச்சு பல சமயம் மறுபடி உயிர் பெறும். டிரையர் இருப்பவர்கள் குறைந்த சூட்டில் இருபது நிமிஷம் ஓட்டலாம். இல்லாதவர்கள் ஜாக்கெட்டின் மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்து, நீராவி இல்லாமல், இளஞ்சூட்டில் இஸ்திரி போடலாம். லேபிளில் இஸ்திரிப் பெட்டி படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் வேண்டாம், ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். பிவிசிக்கு சூடே ஆகாது, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் அதற்குப் போதும்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் உருளவில்லை என்றால்தான் புதுப் பூச்சுக்குச் செலவு செய்ய வேண்டும். தண்ணீரில் கலந்து ஊறவைப்பது, ஸ்பிரே என்று இரண்டு விதம் உண்டு. என் ஓட்டு ஸ்பிரேக்கு, ஏனென்றால் அது வெளிப்பக்கம் மட்டும் படும், வியர்வையை உறிஞ்ச வேண்டிய உள்துணியைக் கெடுக்காது. துவைத்த ஈரத்தோடேயே அடித்து, வழிவதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒரு விஷயம்: சமீப வருடங்களில் வரும் ஜாக்கெட்டுகளில் ஃப்ளோரின் ரசாயனம் இல்லாத பூச்சுதான் அதிகம். சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அது பழையது போலத் தள்ளாது. அதனால் புது ஜாக்கெட்டைப் பழையதை விட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

இனி நான் அடித்துச் சொல்ல விரும்பும் விஷயம். நம் ஊரில் ரெயின்கோட்டை மழையை விட அதிகமாகக் கெடுப்பது நாம் அதை வைக்கும் இடம். மழை விட்டதும் ஈரத்தோடு சுருட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் திணிக்கிறோம். கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில், உள்ளே ஈரம். பியூ பூச்சை உடைக்க இந்தக் கூட்டணியே போதும், ஈரமும் சூடும் சேர்ந்தால் அதன் வேதிப் பிணைப்பே அறுந்துபோகும். முதலில் உள்பக்கம் பிசுபிசுக்கும், ஒரு புளித்த வாடை வரும், பிறகு வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் எந்த ஸ்பிரேயும் காப்பாற்றாது. வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், குளியலறைக் கம்பியில் மாட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் காய்ந்ததும் உள்பக்கம் திருப்பி ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி போடுங்கள். மார்கழி தாண்டியதும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, அலமாரியில் தொங்கவிடுங்கள், மடித்து அடியில் அழுத்தி வைக்காதீர்கள். சீசன் முடிந்த பிறகும் வண்டியிலேயே கிடந்தால் அடுத்த ஐப்பசிக்கு அது உருப்படியாக இருக்காது.

தையல் ஓரம் உள்பக்கம் ஒட்டியிருக்கும் டேப் லேசாகத் தூக்கியிருந்தால், மேலே துணி விரித்து இளஞ்சூட்டில் அழுத்தினால் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். முழுக்க உரிந்துவிட்டால் மிச்சத்தை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, சீம் சீலர் என்று விற்கும் பசையைத் தையல் நெடுக மெல்லிசாகத் தடவி மறுநாள் வரை தொடாமல் விடுங்கள். கிழிசலுக்கு நைலான் ஒட்டுப் பட்டை போடலாம். அதன் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும். ஊசி நூல் எடுத்துத் தைத்தால் ஊசி போன ஒவ்வொரு துளையும் புது ஓட்டை.

பைக் ஓட்டுகிறவர்கள் பேண்ட்டைத் தனியாகப் பாருங்கள். உட்காரும்போது மடியில் தண்ணீர் தேங்கும், அது நேராகக் கவட்டுத் தையலில் இறங்கும், அங்கேதான் முதல் ஒழுக்கு. கால் நீளமாகத் தொங்கினால் சைலன்சரில் பட்டு உருகிவிடும், கணுக்காலில் வெல்க்ரோ பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். புரட்டாசி கடைசியிலேயே ஒருநாள் செட்டைப் போட்டுக்கொண்டு குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் இரண்டு சொம்பு ஊற்றிப் பாருங்கள். ஒழுகும் இடத்தை வெளிப்பக்கம் சாக்பீஸால் குறித்துவைத்து, காய்ந்ததும் பசை தடவினால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் தயாராகிவிடும்.