அழும்போது வருகிறது, தூங்கினால் போகிறது

பச்சைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். பிள்ளை வீறிட்டு அழ, தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் புடைக்கும். பால் குடித்துத் தூங்கினால் காணாமல் போய்விடும். "அழுத காத்துதான், வளர வளரச் சரியாயிடும்" என்பார் பாட்டி. முதல் தவறு இங்கேதான்.

தொப்புள் புடைப்பு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதைப் பார்த்த பழக்கத்தில் இதையும் அப்படியே விடுகிறோம். விரை கீழே இறங்கிய வழி மூடாமல் இருந்து, அதில் குடல் நழுவுவதுதான் இந்த ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். தானாக மூடாது, ஆபரேஷன்தான். குறைமாதப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். பெண் குழந்தைக்கும் உண்டு, சினைப்பைகூட இறங்கி மாட்டும். "ஒரு வயசு ஆகட்டும்" என்று தள்ளிப்போடுவதும் தப்புக்கணக்கு. இறங்கிய குடல் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அந்த முதல் வருஷத்தில்தான் அதிகம்.

காசு வைத்துக் கட்டினால் தோல் புண்ணாகும், வழி அடையாது. வீக்கத்தில் டார்ச் அடித்து, "வெளிச்சம் தெரியுது, உள்ளே வெறும் நீர்தான்" என்றும் முடிவுகட்ட வேண்டாம். இந்த வயதில் குடல் அவ்வளவு மெலிசு, அதிலும் வெளிச்சம் ஊடுருவும்.

வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, தொட்டாலே பிள்ளை துடித்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பால் குடிக்காது, வயிறு உப்பும், பச்சையாக வாந்தி எடுக்கும், மேல்தோல் சிவக்கும். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் குடல் அழுகலாம், விரையும் கெடலாம். கிரைப் வாட்டர் ஊற்றிப் பார்க்கும் நேரமில்லை அது. நீங்களே அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள். பாலும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ராத்திரி, பனி, விடியட்டும் என்று தோன்றும். விடியக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துக்கு நேராகப் போங்கள். வழியில் ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கினால் போவது நேரம்தான்.

மாட்டாத வீக்கம் என்றால் பதற்றமில்லை, சில நாளுக்குள் குழந்தை அறுவை மருத்துவரைப் பாருங்கள். சின்ன ஆபரேஷன்தான், பெரியவர்களுக்கு வைப்பது போலத் தாங்கிப் பிடிக்க வலை (மெஷ்) வைக்க மாட்டார்கள். குறைமாதப் பிள்ளை என்றால் மூச்சைக் கவனிக்க ஒரு ராத்திரி வைத்திருப்பார்கள். அப்புறம், வீக்கம் தெரியும்போதே போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை பெரும்பாலும் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.