ஹாலோபாடி பேஸுக்கு ஃபிளாட்வூண்ட்: கம்பி வாங்குவதிலிருந்து நான்கு கம்பியும் ஒரே சத்தத்தில் கேட்கும் வரை

"ஈ கம்பி மட்டும் கும்மென்று முழங்குகிறது, ஜி கம்பி எங்கே போனதென்றே தெரியவில்லை." ஹாலோபாடி பேஸ், அதாவது உடல் உள்ளே குடைவான பேஸ் கிட்டார், வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகார் வரும் (ஈ தடிமனான கம்பி, ஜி மெல்லியது). வந்த உடனே கை ஆம்ப்பில் இருக்கிற பேஸ், ட்ரெபிள் திருகுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் கம்பி, அடுத்து பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை), அடுத்து பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி), கடைசியில்தான் ஆம்ப். இந்த வரிசையில் போனால் பாதிப் பேருக்கு ஆம்ப்பைத் தொடவே வேண்டியிருக்காது.

என்னிடம் இருப்பது வயலின் வடிவ பேஸ், 30 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்). ஹோஃப்னர் கம்பெனி 1956-இல் கொண்டுவந்த 500/1 மாடலைப் பார்த்துச் செய்த விலை குறைந்த ரகம். குன்னூரில் சர்ச் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன், டிசம்பரில் கேரல் சுற்று. ட்யூன் செய்வது, பழைய கம்பியைக் கழற்றுவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தக் கம்பி

ரவுண்ட்வூண்டில் மேல்சுற்று உருண்டைக் கம்பி, ஃபிளாட்வூண்டில் பட்டை. அதனால் விரல் உரசும் சர்ர் சத்தம் கிடையாது, மேல் ஸ்தாயியின் பளபளப்பு குறையும், அடித்த ஸ்வரம் 'தும்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கும். ஹாலோபாடிக்கு இதுதான் பொருத்தம். விலை அதிகம்தான், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு கம்பெனியின் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃபிளாட்வூண்டை அறுந்தால் ஒழிய மாற்றியதே இல்லை என்பார்கள்.

பிராண்டைப் பற்றி யோசிக்கும் முன் இழுவிசையைப் பற்றி யோசியுங்கள். ஒரே கம்பியை, ஒரே ஸ்வரத்துக்கு, 34 அங்குல பேஸிலும் 30 அங்குல பேஸிலும் மாட்டினால் சின்னதில் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும். பெரியதில் 40 பவுண்டு இழுக்கிற கம்பி சின்னதில் 31 பவுண்டுதான் இழுக்கும். அதனால் நீளமான பேஸ் வாசிப்பவர் "இது மெத்தென்று அருமையாக இருக்கும்" என்று சொல்கிற செட்டை நம்பி நாம் வாங்கினால் ஈ கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) அடிக்கும். சரி, தடிமனாகவே போட்டுவிடலாமே என்றால் அதிலும் சிக்கல் உண்டு: நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு கட்டை) பள்ளத்தில் உட்காராது, மெல்லிய மேல்பலகையின் மீது பிரிட்ஜ் கூடுதலாக அழுத்தும்.

என் கருத்தைக் கேட்டால்: டடாரியோ க்ரோம்ஸ், ஃபிளாட்வூண்டுகளிலேயே கொஞ்சம் பிரகாசமான ரகம், விறைப்பானது, முதல்முறை மாற்றுகிறவர்களுக்கு அதிர்ச்சி குறைவு. தொமாஸ்டிக் மிக மென்மை, நடு ஸ்தாயி அழகாகப் பேசும், ஆனால் அழுத்தி வாசிக்கிற கைக்கு ஆகாது, விலையும் கையைக் கடிக்கும். லா பெல்லாவில் வயலின் பேஸுக்கென்றே 39-இல் தொடங்கி 96-இல் முடிகிற செட் ஒன்று உண்டு (தடிமன், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில்), நான் போட்டிருப்பது அதுதான். அதே கம்பெனியின் 52–110 செட்டை ஜேமர்சன் பெயருக்காக வாங்கி வயலின் பேஸில் மாட்டாதீர்கள்.

நீளம்: இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம்

30 அங்குல ஸ்கேல் என்றால் 'ஷார்ட் ஸ்கேல்' என்று அட்டையில் போட்டதை வாங்கினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் நாள் கணக்கில் குழம்பியது இந்த இடத்தில்தான். ஸ்கேல் என்பது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை. குடைவில்லாத சாலிட் பேஸில் கம்பியின் குண்டு முனை பிரிட்ஜிலேயே மாட்டியிருக்கும், கணக்கு சரியாக வரும். நம்முடையதில் கம்பி பிரிட்ஜைத் தாண்டி, பின்னால் தொங்குகிற டெயில்பீஸ் வரை போகிறது. அந்தக் கூடுதல் தூரம் மாடலுக்கு மாடல் மாறும். அட்டையில் இருக்கிற எழுத்துக்கு அது தெரியாது.

எனவே தையல் டேப்பை எடுங்கள். டெயில்பீஸில் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட்டின் உள்விளிம்பு வரை, நான்கு கம்பிக்கும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நட்டிலிருந்து அந்தந்த ட்யூனர் கம்பம் வரை எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கம்பி முழுத் தடிமனோடு நட்டைத் தாண்டி குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது போக வேண்டும், ஆனால் கம்பத்தைத் தொடும் முன் மெலிந்து நூல் சுற்றிய பகுதி தொடங்கிவிட வேண்டும். முழுத் தடிமன் கம்பத்தில் சுற்றினால் ஃபிளாட்வூண்டின் பட்டை விரிந்துவிடும், அல்லது உள்கம்பியே முறியும். மெலிந்த பகுதி நட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாலோ, அந்தக் கம்பி செத்த சத்தம்தான் தரும்.

தலைப்பகுதியில் பக்கத்துக்கு இரண்டாக ட்யூனர் இருக்கிற பேஸில் ஈ, ஜி இரண்டின் கம்பங்களும் நட்டுக்கு மிக அருகில். அங்கேதான் இடம் குறைவு, தடிமனான ஈ கம்பிக்கு இரட்டைத் தலைவலி. ஆகவே ஈ கம்பிக்கு அளவு பொருந்தினால் மற்றவை பெரும்பாலும் பொருந்திவிடும். கடைக்காரரிடம் ஷார்ட்டா மீடியமா என்று கேட்காதீர்கள், "குண்டிலிருந்து நூல் தொடங்கும் இடம் வரை எத்தனை அங்குலம்" என்று கேளுங்கள். பல கம்பெனிகள் இந்த அளவைப் போட்டிருக்கின்றன. பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து பார்சல் மலையேறி வந்த பிறகு திருப்பி அனுப்புவதற்குள் கேரல் சீசனே முடிந்துவிடும்.

மாட்டுவது

நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. பிரிட்ஜ் பசை போட்டு ஒட்டியதல்ல, கம்பியின் அழுத்தத்தில் நிற்கிறது. எல்லாம் போனால் அதுவும் விழும். பிரிட்ஜின் இரு கால்களைச் சுற்றியும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவிட்டு, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். செல்லோ டேப் வேண்டாம், பழைய பாலிஷைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஃபிளாட்வூண்டை வெட்டும் முன் மடக்க வேண்டும். கம்பத்தைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, அங்கே இடுக்கியால் கம்பியைச் செங்கோணமாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் வைத்து வெட்டுங்கள். மடிக்காமல் நறுக்கினால் மேல்பட்டை உள்ளே வழுக்கி, கம்பி முழுக்கத் தளர்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வாசித்தால் மட்டும் இழுத்த ரப்பர் மாதிரி ஒலிக்கும். கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக.

ட்யூன் செய்யும்போது நட்டில் 'டிங்' என்று எகிறினால் பள்ளம் இறுக்கம் என்று அர்த்தம். பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், பள்ளத்துக்கு ஏற்ற தடிமனில் பழைய ரவுண்ட்வூண்ட் துண்டு ஒன்றை அரம் போல இழுக்கலாம், ஆழம் கூடாமல் பக்கவாட்டில் மட்டும்.

பிரிட்ஜ்

ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், கம்பி நிலைகொள்ளட்டும். மறுநாள் கழுத்து வளைவைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டையும் அழுத்தினால், ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கடியில் ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைய வேண்டும். அதைவிட இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் போகும் உலோகக் கோல்) கால் சுற்று இறுக்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் ஈ பக்கம் 2.5 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம்.

பிறகு இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்க ஸ்வரம் சரியாக வருகிறதா என்பது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஸ்வரம்) அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கிற ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கம். ஈ கம்பிக்குப் பொதுவாகக் கூடுதல் நீளம் தேவை, ஆகவே பிரிட்ஜ் சற்றே சாய்ந்த கோட்டில்தான் நிற்கும். நகர்த்தும் முன் கம்பிகளை அரைகுறையாகத் தளர்த்துங்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது பிரிட்ஜின் கால். ஒரு மெல்லிய காகிதத்தை அதன் அடியில் நுழைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நுழைகிறதோ அந்தப் பக்கக் கம்பிகள்தான் பலவீனமாகக் கேட்கும். சரிசெய்ய, மேல்பலகையின் வளைவின் மேல் உப்புக்காகிதத்தைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி ஒட்டி, அதன் மேல் பிரிட்ஜின் காலை முன்னும் பின்னும் தேய்த்தால் வளைவுக்குத் தக்கபடி கால் உருவாகிவிடும். இதைச் செய்ததும் என் ஜி கம்பிக்கு உயிர் வந்தது.

பிக்கப்

கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. வையுங்கள். மிக அருகில் கொண்டுபோனால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் அலையும். உயரத்தை மாற்றும் திருகு இல்லாத பிக்கப் என்றால் சட்டத்துக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்துச் சாய்க்கலாம்.

காதை நம்பாதீர்கள், அறைக்கு அறை ஏமாற்றும். கேபிளை நேராக ரெக்கார்டருக்குக் கொடுத்து, நான்கு கம்பியையும் ஒரே விரல், ஒரே அழுத்தத்தில் வரிசையாக வாசித்துப் பதிவு செய்து திரையில் அலையின் உயரத்தைப் பாருங்கள். ஈ கம்பி அலை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு இருந்தால் அந்தப் பக்கத்தை அரைச் சுற்று இறக்குங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டிலும் ஒருமுறை பதிவு செய்வது நல்லது, ஏனென்றால் ஹாலோபாடியில் உடலே ஏதாவது ஒரு ஸ்வரத்துக்குக் கூடுதலாக முழங்கும். அந்த ஒரு ஸ்வரத்துக்காகப் பிக்கப்பை இறக்கினால் மற்றதெல்லாம் போய்விடும். அதற்கு மருந்து ஸ்பஞ்ச். பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பஞ்சில் இரண்டு சென்டிமீட்டர் அகலத் துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிக்கடியில் லேசாகத் தொடும்படி செருகுங்கள். மேல்பலகையில் இருக்கிற எஃப் வடிவத் துளைகளில் பருத்தித் துணி அடைத்தால் ஃபீட்பேக்கும் குறையும். இதற்கென்று விற்கிற விலை உயர்ந்த ஃபோம் எதுவும் தேவையில்லை.

கழுத்து சாய்வது

சமநிலை என்று சிலர் கேட்பது இதைத்தான். உடல் லேசு, தலையில் நான்கு இரும்பு ட்யூனர், கையை எடுத்தால் கழுத்து கீழே இறங்கும். அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போட்டாலே பெரும்பங்கு தீரும். கம்பளி ஸ்வெட்டர் மேல் நிற்கிற ஸ்ட்ராப், விண்ட்சீட்டர் மேல் வழுக்கும், ஆகையால் ராத்திரி கேரலுக்குப் போகிறவர்கள் எந்த உடையில் வாசிக்கப் போகிறீர்களோ அதைப் போட்டுப் பாருங்கள். எடை குறைந்த ட்யூனர்களும் கிடைக்கின்றன, ஆனால் செலவு. ஸ்ட்ராப் பொத்தானை இடம் மாற்ற நினைத்தால் கழுத்து சேரும் கட்டையில் மட்டும் திருகு போடுங்கள். பக்கப் பலகை மெல்லியது, பிளந்துவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், கூடலூருக்கு ஜூனிலேயே ஆரம்பம். ஈரம் ஏறினால் மேல்பலகை உப்பி, கம்பி உயரம் கூடும். ஜனவரியில் உறைபனியும் காய்ந்த காற்றும் வந்ததும் இறங்கும். ஆக, மழை தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை உயரத்தைச் சரிபாருங்கள். மேட்டுப்பாளையம் இறங்கிக் கச்சேரி என்றால் வெயிலில் கம்பி நீண்டு ஸ்ருதி இறங்கும். பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் ட்யூன் செய்யுங்கள்.

பின்னால் சேர்த்தது

நைலான் சுற்றிய கருப்புக் கம்பி போடலாமா என்று கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டு, போட்டும் பார்த்தார். சத்தம் அருமை, ஆனால் ஆம்ப்பில் இரைச்சல். காரணம், சாதாரணக் கம்பியில் விரல் உலோகத்தைத் தொட்டதும் கிரவுண்ட் கிடைத்து இரைச்சல் அடங்கும், நைலான் அதைத் தடுக்கிறது. டெயில்பீஸை இடது கையின் ஓரத்தால் தொட்டதும் இரைச்சல் நின்றதென்றால் காரணம் அதுவேதான். உள்ளே ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோகத் தாள் ஒட்டுவது) செய்யாமல் நைலான் பக்கம் போக வேண்டாம்.

இன்னொருவருக்குக் கம்பியின் குண்டு டெயில்பீஸ் துளைக்குள் நழுவிப் போயிருக்கிறது. ஹார்டுவேர் கடையில் சின்ன பித்தளை வாஷர் வாங்கிக் குண்டுக்கு முன்னால் கோத்துக்கொள்ளுங்கள். வாஷரின் தடிமன் அளவுக்குக் கம்பி நீளம் குறையும், அளக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.